ஃபில்டர் என்னும் வடிகட்டி

உயிர்மருத்துவப் பொறியியலில் சிக்னல்களையும் அமைப்புகளையும் படிப்பவர்கள் ஃபில்டர் என்ற சொல்லைத் தவிர்க்க முடியாது. ஒரு சிக்னலில் அடங்கிய அதிர்வெண்களுள் சிலவற்றைக் கடக்கவிட்டு, மற்றவற்றின் வீச்சைக் குறைக்கும் அமைப்பை அது குறிக்கிறது.

இடைக்கால இலத்தீனில் ‘ஃபில்ட்ரம்’ என்பது விலங்கு மயிரை அழுத்திச் செய்த தடித்த துணியின் பெயர். நீர்மங்களை அதன் வழியே வடித்ததால், துணியின் பெயர் கருவிக்கு ஆகிவந்தது. 1915ஐ ஒட்டி அமெரிக்காவில் ஜார்ஜ் கேம்பெலும் ஜெர்மனியில் கார்ல் வாக்னரும் தனித்தனியே மின்அலை வடிகட்டிகளை உருவாக்கியதிலிருந்து அது மின்னியலின் சொல்லாகவும் நிலைபெற்றது.

தமிழில் வடிப்பான், வடிப்பி என்பனவும் வழங்கினாலும், வடிகட்டியே பொருத்தமானது. அது சமையலறையிலேயே பழகிய சொல். சோறு வடிக்கையில் பாத்திரத்தில் தங்குவது நமக்கு வேண்டும். காபி வடிக்கையில் கீழே இறங்குவது வேண்டும். எது வேண்டியது என்பதை ‘வடி’ என்னும் வினை முடிவு செய்வதில்லை. நெய்யை ஒழுகவிட்டுக் கசடைப் பிடித்துவைக்கும் நெய்யரியைக் கடைமாணாக்கருக்கு உவமையாக்கிய நன்னூல், தங்குவதைப் பார்த்தே அவ்வாறு சொன்னது.

இதயத்தின் மின்துடிப்பைப் பதியும் ஈசிஜியில் இந்த வேறுபாடு மிக முக்கியமானது. தோலின் மேல் கிடைக்கும் இதய மின்துடிப்பு ஏறத்தாழ 1 மில்லிவோல்ட் அளவே இருக்க, மூச்சினால் எழும் மெதுவான ஏற்ற இறக்கமும், தசைகளின் மின்னதிர்வும், நம் மின்வழங்கலின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலும் அதனோடு கலந்துவிடுகின்றன. பெரியவர்களுக்கு நோயறியும் பதிவில் 0.05 முதல் 150 ஹெர்ட்ஸ் வரை விட்டுவைப்பது வழக்கம். படுக்கையருகே உள்ள கண்காணிப்புத் திரையில் பெரும்பாலும் 0.5 முதல் 40 வரை போதும். கீழெல்லையை 0.5க்கு உயர்த்தினால் கோடு ஆடாமல் அழகாக நிற்கும். ஆனால் எளிய வடிகட்டிகளில் கட்டம், அதாவது அதிர்வுகளின் நேர ஒழுங்கு, பிறழ்ந்து, துடிப்பின் கூர்முனைக்கு அடுத்து வரும் எஸ்டி பகுதி இடம் மாறி, இதயத் தசைக்கு இரத்த ஓட்டம் குறைந்திருப்பதுபோல் பொய்யாகத் தோன்றக்கூடும். மேலெல்லையை 40க்குக் குறைத்தாலோ க்யூஆர்எஸ் எனப்படும் அக்கூர்முனையின் உச்சம் தாழும், அதிலுள்ள நுண்ணிய வெட்டுகளும் மறையும். ஈசிஜி தாளின் ஓரத்தில் இவ்வெல்லைகள் அச்சிடப்படுவது இதனால்தான்.

ஆகவே வகைப்பெயர்களிலும் கவனம் வேண்டும். ‘தாழ் அதிர்வெண் வடிகட்டி’ என்றால் அது தாழ்ந்தவற்றை விடுகிறதா, தடுக்கிறதா என்பது விளங்காது. தாழ்கடத்தி வடிகட்டி, உயர்கடத்தி வடிகட்டி என்று கடப்பதை வைத்துப் பெயரிடுவதே தெளிவு. 50 ஹெர்ட்ஸை மட்டும் நீக்கும் நாட்ச் ஃபில்டர் தான் தடுப்பதால் அறியப்படுவது. அதை ‘விலக்கு வடிகட்டி’ எனலாம்.