ஜீவனாம்சம்: பிள்ளையின் பங்குக்கு என்ன பெயர்?

ஜீவனம் என்றால் பிழைப்பு, அம்சம் என்றால் பங்கு. இரண்டு வடசொற்களும் சேர்ந்து ஜீவனாம்சம், அதாவது பிழைப்புக்கான பங்கு. கிரந்த எழுத்தைத் தவிர்ப்பவர்கள் சீவனாம்சம் என்று எழுதுவார்கள்.

இன்றைக்கு இந்தச் சொல்லைக் கேட்டதும் விவாகரத்துதான் நினைவுக்கு வருகிறது. அதற்கு வெகு முன்பே இது சொத்துப் பத்திரங்களில் புழங்கிய சொல். கூட்டுக் குடும்பத்தில் கணவனை இழந்த பெண்ணுக்குச் சொத்தில் பங்கு கிடையாது என்றிருந்த காலத்தில், அவள் உயிரோடு இருக்கும்வரை உண்ணவும் உடுக்கவும் என்று ஒரு துண்டு நிலத்தை ஒதுக்கிவிடுவார்கள். விளைச்சலை அனுபவிக்கலாம், விற்க முடியாது. அவளுக்குப் பின் நிலம் குடும்பத்துக்கே திரும்பிவிடும். அப்படி விட்ட நிலமும் 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அவளுக்கே முழு உரிமையாகும் என்று உச்ச நீதிமன்றம் 1977இல் தீர்ப்பளித்தது.

இந்தப் பழைய வாடை இன்னும் போகவில்லை. ஜீவனாம்சம் என்றாலே மனைவிக்குக் கொடுப்பது என்று மனதில் பதிந்துவிட்டது. அதனால் பிள்ளைக்கு வர வேண்டிய பணமும் அதற்குள்ளேயே காணாமல் போய்விடுகிறது. "அவதான் எதுவும் வேண்டாம்னு எழுதிக் கொடுத்துட்டாளே, அப்புறம் என்ன?" என்று கேட்கும் அப்பாக்கள் உண்டு. குடும்ப நல நீதிமன்றத்தில் போடும் மனுவைப் புரட்டினால் பதில் முதல் பக்கத்திலேயே இருக்கும். முதல் மனுதாரர் மனைவி. இரண்டாம் மனுதாரர், மைனர், தாயும் காப்பாளருமான முதல் மனுதாரர் மூலமாக. பால்குடி மாறாத பிள்ளையும் அங்கே தனி மனுதாரர்தான். உத்தரவிலும் அதற்கென்று தனித் தொகை போடுவார்கள். அம்மா தனக்கு வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கலாம். பிள்ளையின் உரிமையை அவர் விட்டுக்கொடுக்க முடியாது.

இப்படிப் பிரித்துப் பார்த்தால் பல குழப்பங்கள் தீரும். அம்மா மறுமணம் செய்துகொண்டால் அவருக்கான ஜீவனாம்சம் நிற்கலாம், பெற்ற அப்பாவின் பொறுப்பு நிற்காது. தாய் தந்தைக்குள் திருமணமே நடக்கவில்லை என்றாலும் பிள்ளைக்கு உரிமை உண்டு. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவில் அப்படித்தான் இருந்தது. 2024 ஜூலையில் அதன் இடத்துக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144ஆம் பிரிவிலும் அப்படியே இருக்கிறது. இது மதம் பார்க்காத பிரிவு. அம்மாவும் சம்பாதிக்கிறார் என்றால் சுமையைப் பங்கிடலாம், அப்பா கழன்றுகொள்ள முடியாது. இந்து தத்தெடுப்பு மற்றும் பராமரிப்புச் சட்டமும் பெற்றோர் இருவர் மீதும்தான் கடமையைச் சுமத்துகிறது. வேலை இல்லை என்ற சாக்கும் அவ்வளவாக எடுபடாது. உழைக்கக்கூடிய உடம்பு இருக்கிறதா என்றுதான் நீதிமன்றம் பார்க்கும். பிள்ளைக்கு வயது 18 ஆனதும் இந்த உரிமை பொதுவாக முடிந்துவிடும். உடல் அல்லது மனநலக் குறைபாட்டால் தன்னைத் தானே காத்துக்கொள்ள முடியாத பிள்ளைக்கு அதன் பிறகும் தொடரும். தன் வருமானத்தில் வாழ முடியாத, மணமாகாத இந்து மகளும் கேட்கலாம்.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? 'பராமரிப்புத் தொகை' செய்தித்தாள் வரை வந்துவிட்டது. நல்ல சொல்தான், ஆனால் அதற்கும் வேர் வடமொழி. இலங்கைத் தமிழர்கள் தாபரிப்பு என்பார்கள். 'வளர்ப்புத் தொகை' எனக்கு முதலில் பிடித்திருந்தது. ஆனால் வளர்ப்பு மகன், வளர்ப்புத் தாய் என்று கேட்டுப் பழகிய காதுக்கு அது தத்துப்பிள்ளைக்கான பணம்போல் ஒலிக்கும். ஆகவே என் தேர்வு 'பேணுதொகை'. மனைவிக்கானதை ஜீவனாம்சம் என்றே விட்டுவிட்டு, இதைப் 'பிள்ளைப் பேணுதொகை' என்று பிரித்துச் சொல்லலாம்.

ஊறுகாய், சுடுசோறு மாதிரி இதுவும் வினைத்தொகை. பேணிய, பேணுகிற, பேணும் என்று மூன்று காலமும் இதற்குள் அடங்கும். பொருத்தம்தான், ஏனென்றால் தொகையை மனு போட்ட நாளிலிருந்தே கணக்கிட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020இல் சொல்லிவிட்டது. வழக்கு வாய்தா வாய்தாவாக இழுத்த காலமும் நிலுவையில் சேரும். உத்தரவுக்குப் பிறகும் கொடுக்காமல் இருந்தால், ஒவ்வொரு மாத பாக்கிக்கும் ஒரு மாதம் வரை சிறை உண்டு. ஆனால் 144ஆம் பிரிவின்படி அந்தப் பாக்கியை வசூலிக்க, அது கொடுபட வேண்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் மனு போட்டாக வேண்டும்.