மோட்டாரை மாற்றுவதற்கு முன்

சிங்கப்பூர் ஜூரோங் தீவின் வேதி ஆலைகளில் வேலை பார்க்கும் தமிழர்களுக்கு இது பழகிய பேச்சு: ரியாக்டரில், அதாவது வேதிவினை நடக்கும் கலனில், சரக்கு சரியாகக் கலக்கவில்லை என்றால், "வேகத்தைக் கூட்டு!" என்பார்கள். பல நேரங்களில் கூடுவது மின்கட்டணம் மட்டுமே.

தேக்கா கடையில் கோப்பியின் அடியில் தங்கிய பாலைக் கரண்டியால் வட்டமாகச் சுற்றிப் பாருங்கள். கோப்பி மொத்தமாகச் சுழலும், பால் எளிதில் மேலே வராது. கரண்டியைத் தூக்கிக் கிளற வேண்டும். உருளை வடிவ ரியாக்டரிலும் திரவம், மோட்டார் சுழற்றும் பிளேடுகளான கலக்கியோடு சேர்ந்தே சுற்றும். நடுவில் குழி விழுந்து காற்றும் உள்ளே போகும். இதைத் தடுக்கத்தான் உட்சுவரில் நான்கு செங்குத்துத் தகடுகளைப் பொருத்துகிறார்கள். ஒவ்வொன்றின் அகலமும் கலனின் விட்டத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. தகட்டில் மோதும் திரவம் மேலும் கீழுமாகத் திரும்பும். மோட்டார் கூடுதல் மின்திறன் இழுக்கும்; ஆனால் அது கலப்பதற்கே செலவாகும்.

கொந்தளிப்பான ஓட்டத்தில் மின்திறன் தேவை, வேகத்தின் மும்மடியாகவும் கலக்கி விட்டத்தின் ஐந்தாம் மடியாகவும் ஏறும். வேகத்தை 20 சதவீதம் கூட்டினால் மின்திறன் 73 சதவீதம் கூடும். 10 சென்டிமீட்டர் ஆய்வகக் கலனை அதே வடிவத்தில் 2 மீட்டராக்கி, சிறிய கலனுக்கு ஆன அதே நேரத்துக்குள் கலந்து முடிய வேண்டுமென்றால் சுழல்வேகம் மாறக்கூடாது. கொள்ளளவு 8,000 மடங்காகும். மின்திறனோ 32 லட்சம் மடங்கு! எந்த ஆலையும் அதைத் தராது. ஆகவே பெரிய ரியாக்டர் மெதுவாகத்தான் கலக்கும். ஆய்வகத்தில் அருமையாக வந்த வினை ஆலையில் தேவையற்ற துணைப்பொருள்களைக் கொட்டுவதற்கு இது முக்கியக் காரணம்.

அதனால் நான் முதலில் பார்க்கச் சொல்வது, மூலப்பொருள் எங்கே விழுகிறது என்பதைத்தான். மேற்பரப்பில் ஊற்றினால் அது சோம்பலான பகுதியில் தேங்கி, கலப்பதற்குள் வினை முடிந்துவிடும். குழாயைக் கலக்கியின் அருகே இறக்கிவிட்டால் கொந்தளிப்பு மிகுந்த இடத்தில் உடனே சிதறும். ஒரு குழாய் மாற்றம், அவ்வளவுதான்.

அடுத்தது கலக்கியின் வகை. வாயுக் குமிழிகளை உடைக்கத் தட்டையான ஆறு பிளேடுகள் கொண்ட ரஷ்டன் கலக்கி ஏற்றது. வெறும் திரவத்தைக் கலக்க மெல்லிய வளைவுள்ள ஹைட்ரோஃபாயில் போதும். ஒரே விட்டம், ஒரே வேகத்தில் ரஷ்டன் பத்து மடங்குக்கும் மேல் மின்திறன் கேட்கும்.

பாகுபோன்ற திரவங்களின் கதை வேறு. கண்ணாடிக் கலனில் காரம் கலந்த கிளிசரினை ஊற்றி, பினாப்தலீன் சேர்த்தால் இளஞ்சிவப்பாகும். மெதுவாகச் சுற்றியபடி அமிலம் விட்டால் நிறம் மறையும். ஆனால் கலக்கிக்கு மேலும் கீழும் இரண்டு சிவப்பு வளையங்கள் அப்படியே நிற்கும். அவற்றுக்குள் இருக்கும் திரவம் தனக்குள்ளேயே சுற்றுகிறது, வெளியே வருவதில்லை. மணிக்கணக்கில் ஓட்டினாலும் லேசில் கரையாது. வேகத்தை அவ்வப்போது ஏற்றி இறக்கினாலோ, தண்டை மையத்திலிருந்து சற்று விலக்கினாலோ வளையங்கள் உடைந்துவிடும். இரண்டுக்குமே பெரிய மோட்டார் தேவையில்லை.