உடனொளிர் சாயம் என்றே எழுதுவோம்

இறந்தவர் மூளையில் நரம்பிணைப்புகளைத் தடம்பிடிக்கும் டை-ஐ என்ற சாயம் ஆங்கிலத்தில் 'புளோரசென்ட்' சாயம். அதை 'நின்றொளிரும் சாயம்' என்று மறுபடியும் ஒரு மொழிபெயர்ப்பில் பார்த்தேன். இது நேர்மாறான தப்பு.

புளோரசென்ஸ் என்ற பெயரை 1852இல் இயற்பியலாளர் ஸ்டோக்ஸ் வைத்தார். புளோர்ஸ்பார் என்ற கனிமத்திலிருந்து எடுத்தது. அதன் லத்தீன் வேர் 'பாய்தல்', ஒளிக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஆகவே வேரைப் பிடித்துத் தமிழாக்க முடியாது, நடப்பதைப் பார்த்துத்தான் பெயர் வைக்க வேண்டும்.

நடப்பது என்ன? நுண்ணோக்கியில் பச்சை ஒளியைப் பாய்ச்சினால் டை-ஐ ஏறிய நரம்பிழை ஆரஞ்சுச் சிவப்பாகத் தெரியும், விளக்கை அணைத்த கணமே இருட்டு. விளக்கு போன பிறகும் மினுங்கிக்கொண்டே இருக்கிறதே, இரவில் தெரியும் கடிகார முள், அதுதான் நின்றொளிர்தல். வேறு நிகழ்வு, வேறு சொல். வெறும் 'ஒளிரும் சாயம்' போதாதா என்பார்கள். போதாது. மின்மினியும் ஒளிர்கிறது, தணலும் ஒளிர்கிறது. அந்தப் பெயரைப் படிப்பவர், மூளைத் துண்டு இருட்டில் தானாகவே பளபளக்கும் என்றுதான் நினைப்பார். 'உடனொளிர்' என்றால் ஒளி விழும்போது உடன் ஒளிர்வது, அது நின்றதும் உடனே நிற்பது, இரண்டுமே அந்த 'உடனில்' இருக்கின்றன. இவ்வளவு பொருத்தமான சொல்லைக் கையில் வைத்துக்கொண்டு ஏன் விடுகிறார்களோ!

அப்புறம் இன்னொன்று. 'சாயத்தை நரம்பு கடத்துகிறது' என்று எழுதுகிறார்கள். கடத்துவதற்கு நரம்பு உயிரோடு இருக்க வேண்டும். குதிரைமுள்ளங்கியிலிருந்து எடுக்கும் பெராக்சிடேஸ் என்ற நொதி போன்ற தடங்காட்டிகளை உயிருள்ள நரம்புதான் தூக்கிச் செல்லும், விலங்குகளில் அப்படித்தான் செய்தார்கள், மனிதரிடம் அதற்கு வழியில்லை. டை-ஐ கொழுப்பில் கரைவது. திசுவைப் பதப்படுத்தும் ஃபார்மலின் திரவம் புரதங்களைப் பிணைத்து இறுக்கினாலும் செல்சவ்வின் கொழுப்பு ஓரளவு இளகியே இருப்பதால், சாயம் அந்தச் சவ்விலேயே மெல்ல ஊர்கிறது. பதப்படுத்திய திசுவிலும் இது நடக்கும் என்று 1987இல் காட்டினார்கள். வேகம் நாளுக்கு ஒரு மில்லிமீட்டர்கூட வராது. வளர்ந்தவரின் மூளையில், நரம்பிழையைச் சுற்றிய மயலின் என்ற கொழுப்புறை வேறு இருப்பதால், மாதக்கணக்கில் காத்திருந்தும் சில மில்லிமீட்டர்தான் கிடைக்கும். கருவின் மூளையில் இதைவிட நன்றாக வேலை செய்கிறது. 'கடத்துகிறது' என்று படித்தவருக்கு இந்தக் காத்திருப்பு ஏன் என்றே புரியாது. 'சவ்வு வழியே பரவுகிறது' என்று எழுதுங்கள், சரியாக இருக்கும்.