தண்டப்பணம்: 'தாமதக் கட்டணம்' என்று எழுதாதீர்கள்

வருமான வரி விபரத்திரட்டை (வருமான விபரங்களைத் திரட்டி இறைவரித் திணைக்களத்துக்குக் கொடுக்கும் 'ரிட்டர்ன்') பிந்திக் கொடுத்தால் விதிக்கப்படும் பணத்துக்குத் திருகோணமலைக் கடைத்தெருவில் இப்போது ஒரு புதுப்பெயர் ஓடுகிறது: 'தாமதக் கட்டணம்'. கணக்குச் செய்து கொடுப்பவர்களின் துண்டுப்பிரசுரத்தில் அதுதான். கைபேசியில் சுற்றும் நினைவூட்டல்களிலும் அதுதான். பட்டியலில் வரியும் வட்டியும் இருக்கும், கீழே இந்தக் 'கட்டணம்' இருக்கும். இது பிழையான சொல். நடை பார்த்துச் சொல்லும் குறையாக இருந்தால் விட்டுவிடலாம். இது பணத்தில் கொண்டுபோய் விடுகிற பிழை.

சரியான சொல் தண்டப்பணம். புதிதாக ஆக்க வேண்டியதில்லை, ஊரில் ஏற்கெனவே இருக்கிறது. நூலகப் புத்தகத்தைத் தவணை கடந்து கொண்டுபோகும் பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும், கட்டப்போவது தண்டப்பணம் என்று. பேச்சில் அது 'தெண்டம்'. 'தெண்டம் கட்டினது' என்று சொன்னால் மூதூரிலும் விளங்கும், கிண்ணியாவிலும் விளங்கும்.

வேரைச் சுருக்கமாகப் பார்க்கலாம். தண்டம் வடமொழி வழி வந்தது. முதற்பொருள் கோல், பிறகு கோல் கொண்டு செய்யும் தண்டனை, பிறகு அதற்கு ஈடாக வாங்கும் பணம். சோழர் காலத் தமிழ்க் கல்வெட்டுகளில் குற்றத்துக்கு விதித்த பொன் 'தண்டம்' என்றே வருகிறது. அதன் பக்கத்திலேயே 'தண்டுதல்' என்ற தமிழ் வினையும் நிற்கிறது: வரி தண்டுதல், தண்டல். இரண்டும் ஒரே வேர் என்று நான் வாதாட வரவில்லை. ஆனால் வரி அறவிடுவதைப் பற்றிப் பேசும் இடத்தில் இந்த ஒலி தமிழ்க் காதுக்கு அந்நியமாக இல்லை, அது போதும். ('தெண்டிச்சுப் பார்' என்று முயற்சியைக் குறிக்க நம்மவர்கள் சொல்லும் தெண்டித்தல் வேறு. அதை இதனோடு குழப்ப வேண்டாம்.)

அபராதம் தமிழ்நாட்டில் வேரூன்றிய சொல். வடமொழியில் அதன் பொருள் குற்றம், தமிழில் குற்றத்துக்குக் கட்டும் பணமாக நகர்ந்துவிட்டது. படித்தால் விளங்கும், பிழையென்று சொல்லமாட்டேன். ஆனால் இங்கே வழக்கிலுள்ள சொல்லைத் தள்ளிவிட்டு அதை இறக்குமதி செய்ய ஒரு காரணமும் இல்லை. தனித்தமிழ் அன்பர்கள் 'ஒறுப்புத்தொகை' என்பார்கள். ஒறுத்தல் அழகான பழந்தமிழ். கவுண்டரில் அதைச் சொன்னால் எதிரில் இருப்பவர் என்ன என்று திருப்பிக் கேட்பார். வரிச் சொல் முதலில் வரி கட்டுகிறவருக்கு விளங்க வேண்டும். தூய்மை அதற்குப் பிறகுதான் வரும்.

இனிக் கட்டணம். கட்டணம் என்றால் என்ன? ஒன்றைப் பெறுவதற்காகக் கொடுப்பது. பஸ் கட்டணம் கொடுத்தால் பயணம் கிடைக்கும். நீர்க் கட்டணம் கொடுத்தால் குழாயில் தண்ணீர் வரும். நிலாவெளியில் நுழைவுக் கட்டணம் கொடுத்தால் புறாத்தீவுக்குப் போகலாம். தாமதக் கட்டணம் கொடுத்தால் எது கிடைக்கும்? தாமதிக்கும் உரிமையா? அந்தச் சொல் அப்படித்தான் நினைக்க வைக்கிறது. 'கட்டணத்தைக் கட்டிவிட்டுப் பிந்திக் கொடுக்கலாம்' என்று கடைக்காரர் எண்ணுகிறார். சட்டம் அப்படி ஒரு வசதியை விற்கவில்லை. செய்ய வேண்டிய கடமையைச் செய்யாததற்கு அது தண்டிக்கிறது.

இந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்பதும் தெரிந்ததே. இந்தியாவில் 1961ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டத்தின் 234எஃப் பிரிவு, பிந்திய தாக்கலுக்கு 5,000 ரூபாய் வரை அறவிட்டதைக் கட்டணம் என்றே பெயரிட்டிருந்தது. சரக்கு சேவை வரிச் சட்டத்தின் 47ஆம் பிரிவும் அவ்வாறே. எனவே சென்னையில் ஒருவர் 'தாமதக் கட்டணம்' என்று எழுதினால் அவர் தம் நாட்டுச் சட்டத்தைச் சரியாகத்தான் தமிழாக்குகிறார். அங்கிருந்து காணொளியும் கட்டுரையும் வர, இங்குள்ளவர்கள் சொல்லை அப்படியே எடுத்து இலங்கைச் சட்டத்தின் மேல் ஒட்டிவிட்டார்கள். நமது 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டம் இதைக் கட்டணம் என்று எங்கும் சொல்லவில்லை. 178ஆம் பிரிவு விதிப்பது தண்டம்.

அந்தப் பிரிவு எழுதப்பட்டபடி கணக்கு இது. விபரத்திரட்டை உரிய நாளில் கொடுக்காவிட்டால் இரண்டு தொகைகளைக் கணக்கிட்டு எது பெரிதோ அதை அறவிடுவார்கள். ஒன்று, செலுத்த வேண்டியுள்ள வரியில் 5 வீதமும், பிந்திய ஒவ்வொரு மாதத்துக்கும் மேலும் 1 வீதமும். மற்றது 50,000 ரூபாவும், மாதத்துக்கு மேலும் 10,000 ரூபாவும். மாதத்தில் ஒரு நாள் போனாலும் முழு மாதம். உச்ச வரம்பு 400,000 ரூபா. கூட்டிப் பார்த்தால் ஒன்று தெரியும்: செலுத்த வேண்டிய வரி 10 இலட்சத்துக்குக் குறைவாக இருக்கும்வரை எப்போதும் இரண்டாவது கணக்கே பெரிது. அதாவது சிறு வியாபாரிக்கு வீதம் பொருட்டல்ல, அந்த 50,000தான் பொருட்டு.

உப்புவெளியில் விருந்தினர் விடுதி வைத்திருக்கும் ஒருவரை எடுங்கள். வரியாண்டு மார்ச் 31இல் முடிகிறது. தவணைகளை ஓகஸ்ட் 15, நவம்பர் 15, பெப்ரவரி 15, மே 15 என்று கட்டினார். மீதியைச் செப்டம்பர் 30இல் வங்கியில் கட்டி முடித்தார். பருவமும் அத்தோடு முடிகிறது, ஆட்கள் குறைகிறார்கள், மழை தொடங்குகிறது. 'எல்லாம் கட்டியாச்சு' என்று பற்றுச்சீட்டைக் கோப்பில் வைத்து மூடுகிறார். நவம்பர் 30 விபரத்திரட்டுக்குக் கடைசி நாள். அது மழைக்குள் கடந்துபோகிறது. பெப்ரவரி 10இல் ஞாபகம் வந்து கொடுக்கிறார். டிசம்பர், ஜனவரி, பெப்ரவரியில் பத்து நாள்: மூன்று மாதம். தண்டப்பணம் 80,000 ரூபா. அவர் தர வேண்டிய வரி ஒரு சதமும் இல்லை.

'தாமதக் கட்டணம்' என்ற சொல் இங்கேதான் கெடுக்கிறது. காசு பிந்தினால்தானே கட்டணம், நான் காசைப் பிந்திக் கட்டவில்லையே என்று அவர் நினைப்பதில் பிழையில்லை, சொல் அப்படித்தான் சொல்கிறது. சட்டத்தில் விபரத்திரட்டைக் கொடுப்பது வேறு, வரியைச் செலுத்துவது வேறு. செலுத்தாததற்கு 179ஆம் பிரிவில் தனித் தண்டம்: உரிய நாளிலிருந்து 14 நாளுக்குள் கட்டாத வரியில் 20 வீதம், தவணை தவறினால் அந்தத் தவணையில் 10 வீதம். அதற்கு மேல் மாதத்துக்கு 1.5 வீத வட்டி. ஆகவே மூன்று வெவ்வேறு பணம், மூன்று வெவ்வேறு காரணம். எல்லாவற்றையும் 'தாமதக் கட்டணம்' என்ற ஒரே சாக்கில் போட்டுக் கட்டினால் எந்த முடிச்சை அவிழ்ப்பது என்று தெரியாமல் போகிறது.

கணக்குப் புத்தகத்திலும் இதே கேடு. கட்டணம் என்று எழுதிய பற்றுச்சீட்டைப் பார்த்தால் கணக்கெழுதும் பையன் அதை எங்கே பதிவான்? உரிமக் கட்டணம், வங்கிக் கட்டணம், மின் கட்டணம் இருக்கும் செலவுப் பக்கத்தில்தான். ஆண்டு முடிவில் அது இலாபத்திலிருந்து கழிக்கப்படும். சட்டத்தை மீறியதற்காக அரசுக்குக் கட்டும் தண்டத்தைச் செலவாகக் கழிக்க முடியாது. பிறகு கணக்கைச் சோதிக்கும்போது கழிவு மறுக்கப்பட்டு, வரி கூடி, கூடிய வரிக்கு வட்டியும் சேரும். ஒரு சொல்லைப் பிழையாக எழுதியதால் வந்த இரண்டாவது செலவு இது. பற்றுச்சீட்டில் 'தண்டப்பணம்' என்று இருந்திருந்தால் அந்தப் பையன் கை கொஞ்சம் தயங்கியிருக்கும்.

உரிமையும் மறைகிறது. கட்டணத்தை யாரும் ஆட்சேபிப்பதில்லை, பலகையில் எழுதியதைக் கொடுத்துவிட்டு வருவோம். தண்டம் என்றால் 'ஏன்?' என்று கேட்கத் தோன்றும். கேட்கவும் இடமுண்டு: அறிவித்தல் கிடைத்து 30 நாளுக்குள் நிர்வாக மீளாய்வு கோரலாம். கட்டணம் என்று வாசித்தவர் அந்த 30 நாளையும் சும்மா கழித்துவிடுகிறார்.

எதிர்ப்பக்கத்தில் ஒரு நியாயம் சொல்வார்கள்: தண்டம் என்றால் மக்கள் பயப்படுவார்கள், கட்டணம் மென்மையானது. மென்மை எதற்கு? ஆளைப் பயமுறுத்துகிற சொல் 'தண்டனை', அதை நானும் ஏற்கமாட்டேன். இயந்திர மொழிபெயர்ப்பு சிலவேளை 'பிந்திய தாக்கலுக்குத் தண்டனை' என்று எழுதிவிடுகிறது, வாசிப்பவர் மறியல் வீட்டை நினைக்கிறார். நீதிமன்றம் விதிப்பதைக் குற்றப்பணம் என்றும், திணைக்களம் விதிப்பதைத் தண்டப்பணம் என்றும் பிரித்து எழுதினால் அந்தப் பயமும் போய்விடும்.

மொழிபெயர்ப்பாளர்களிடம் இன்னொன்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. 'ரிட்டர்ன்' என்பதை இயந்திரம் 'வருமானம்' என்றும் 'திரும்பப் பெறல்' என்றும் மாற்றி மாற்றித் தருகிறது, அதைத் திருத்தாமல் வெளியிடுகிறார்கள். 'உங்கள் வரித் திரும்பலை நவம்பர் 30க்குள் சமர்ப்பிக்கவும்' என்று வாசிக்கும் கடைக்காரர், தமக்குக் காசு திரும்பி வருமாக்கும் என்று நினைத்து, அது தமக்கு வேண்டாம் என்று விட்டுவிடலாம். விபரத்திரட்டு என்ற நல்ல சொல் இறைவரிப் படிவங்களில் நெடுங்காலமாக இருக்கிறது. விபரங்களைத் திரட்டிக் கொடுப்பது, அவ்வளவுதான். அதை விட்டு எங்கே போகிறார்கள்?

கடைசியாக, தண்டப்பணம் என்று சரியாக எழுதுபவர்களும் 'பிந்திய தண்டப்பணம்' என்று சேர்த்துவிடுகிறார்கள். அப்படி எழுதினால் பிந்தியது தண்டப்பணம் என்று பொருள், தண்டத்தையே நாள் கடந்து கட்டியது போல. பிந்தியது விபரத்திரட்டு. 'பிந்திக் கொடுத்ததற்கான தண்டப்பணம்', 'பிந்திச் செலுத்தியதற்கான தண்டப்பணம்' என்று இரண்டு வரியாக எழுதுங்கள். பட்டியலில் இடம் போதாவிட்டால் 'தண்டம் (விபரத்திரட்டு)', 'தண்டம் (வரி)' என்று போட்டாலும் போதும்.