மாத்திரைச் சீட்டு எழுதுமுன் ஒரு கேள்வி

போன வாரம் வந்த திருநங்கை பெண் ஹார்மோன் எடுக்கத் தொடங்கி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. விந்தணுவைச் சேமிக்க முடியுமா என்று கேட்டு வந்தார். பரிசோதித்ததில் ஒரு விந்தணுகூட இல்லை. ஹார்மோன் அதன் உற்பத்தியை முடக்கியிருந்தது.

"ஆரம்பிக்கும்போது யாரும் இதைப் பேசலையாம்மா?"

"ஒரு தாள்ல கையெழுத்து வாங்கினாங்க. நானும் வாயைத் திறக்கலை. குழந்தை ஆசை இருக்குன்னு சொன்னா, அப்போ நீ ஆம்பளைதானேன்னு மாத்திரையை நிறுத்திடுவாங்களோன்னு பயம்."

இதே பதிலை எத்தனை பேரிடம் கேட்டுவிட்டேன்!

சக மருத்துவர்களே, வீட்டிலுள்ள பெரியவர்களே, பிள்ளை ஆசை வேறு, பாலினம் வேறு. விந்தணுவைச் சேமித்து வைக்கும் திருநங்கை ஆணாகத் திரும்பிப் போக வழி பார்த்து வைக்கவில்லை. கருமுட்டை சேமிக்கும் திருநம்பிக்கு மனசுக்குள் சந்தேகம் என்றும் பொருளில்லை. புற்றுநோய் சிகிச்சைக்கு முன் விந்தணு சேமிக்கும் இளைஞரிடம், "உனக்குப் பிழைக்கிற நம்பிக்கை இல்லையா?" என்று யாராவது கேட்கிறோமா? அப்படியிருக்க இவர்களிடம் மட்டும் ஏன் குறுக்கு விசாரணை? இவர்களின் பயம் வெறும் கற்பனையும் அல்ல. சட்டப்படி பாலினத்தை மாற்றிக்கொள்ள மலடாக்கிக்கொண்டே ஆக வேண்டும் என்ற விதி ஸ்வீடனில் 2013 வரை இருந்தது. ஜப்பானில் அது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னதே 2023 அக்டோபரில்தான்.

திருநர் மருத்துவத்துக்கான உலக வல்லுநர் சங்கமான டபிள்யூபாத் (WPATH) தரும் வழிகாட்டுதலின் 2022ஆம் ஆண்டுப் பதிப்பு, சிகிச்சைக்கு முன்பே இந்தச் சேமிப்பைப் பற்றிப் பேசச் சொல்கிறது. கையெழுத்து வாங்குவது பேசியதாகாது.

பேசும்போது மனவலியையும் சேர்த்துப் பேசுங்கள். மாதிரி கொடுக்கும் அந்தச் சில நிமிடங்களே சில திருநங்கைகளுக்கு நரகம். வீட்டிலேயே எடுத்து ஒரு மணி நேரத்துக்குள் கொண்டுவரலாம் என்று சொன்னாலே பாதி பாரம் இறங்கிவிடும். திருநம்பிகளின் பாடு இன்னும் கடினம். கருமுட்டை வளரப் பத்துப் பன்னிரண்டு நாள் ஊசி, அடிக்கடி உட்புற ஸ்கேன், கர்ப்பிணிகளுக்கு நடுவே காத்திருப்பு, பெயர் கூப்பிடும்போது திரும்பிப் பார்க்கும் கண்கள். முடிந்த இடத்தில் வயிற்றின் மேல் ஸ்கேன் செய்யலாம். ஊசி போடும் நாட்களில் பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் அதிகம் ஏறாமல் இருக்க லெட்ரோசோல் மாத்திரை கொடுக்கலாம். நான் கோப்பின் முதல் பக்கத்திலேயே, அவரை எப்படி அழைக்க வேண்டும், எந்த உறுப்புக்கு எந்தச் சொல் வேண்டாம் என்று எழுதி வைத்துவிடுவேன். செவிலியர், ஸ்கேன் எடுப்பவர், மயக்க மருந்து கொடுப்பவர் என எல்லோர் கண்ணிலும் அது படும்.

திருநம்பிகளுக்கு ஒரு திட்டு. மாதவிடாய் நின்றுவிட்டது, இனிக் கரு தங்காது என்று நம்பிக்கொண்டிருக்காதீர்கள். நீங்கள் எடுக்கும் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் கருத்தடை மருந்தல்ல. அது கருவிலுள்ள குழந்தையைப் பாதிக்கவும் செய்யும். கருத்தரிக்க வாய்ப்புள்ள உறவில் இருந்தால் தனியாகக் கருத்தடை வேண்டும்.

சேமிப்பதற்காக மாதக்கணக்கில் சிகிச்சையைத் தள்ளிப்போடத் தேவையில்லை. விந்தணுவுக்குச் சில நாட்கள், கருமுட்டைக்குச் சில வாரங்கள், அவ்வளவுதான். "கொஞ்ச நாள் பொறு" என்று இழுத்தடிக்கிற வீட்டாருக்கும் இதைச் சொல்லுங்கள், அந்தக் காத்திருப்பே சிலரை உடைத்துவிடும். சேமித்தால் குழந்தை உறுதி என்றும் யாரும் வாக்குக் கொடுக்க வேண்டாம். எத்தனை ஆண்டு வைப்பார்கள், தனக்கு ஏதாவது ஆனால் அது யாருக்கு என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். எல்லாம் கேட்டுவிட்டு ஒருவர் "எனக்கு வேண்டாம்" என்றால், வேண்டாம்தான். வம்சம், வாரிசு என்று துரத்தாதீர்கள்.

வந்த திருநங்கைக்கு விரைகள் இன்னும் இருக்கின்றன. ஹார்மோனை நிறுத்தினால் விந்தணு திரும்பலாம், திரும்பாமலும் போகலாம். ஒரு விந்தணு உருவாகவே இரண்டரை மாதம் பிடிக்கும் என்பதால் குறைந்தது மூன்று மாதம் பார்க்க வேண்டும்.

"அதுக்குள்ள முகத்துல முடி வளருமா?" என்றார்.

வளரும் என்றேன். யோசித்துச் சொல்வதாகப் போயிருக்கிறார்.