ரெட்மைன் பேக்கப்பில் விட்டுப்போகும் பாதி

போன வருடம் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் கோவையிலிருந்து போன் வந்தது. பம்ப் பாகங்களுக்கு வரைபடம் போட்டுக் கொடுக்கும் சிறிய அலுவலகம், பதினைந்து பேர் இருப்பார்கள். சர்வரில் டிஸ்க் போய்விட்டது. "பேக்கப் இருக்குங்க, தினமும் ராத்திரி ஓடுது" என்று பொறுப்பாளர் தைரியமாகத்தான் சொன்னார். புது உபுண்டு (லினக்ஸ்) சர்வரில், வேலைகளைப் பதிந்து கண்காணிக்கும் மென்பொருளான ரெட்மைனை நிறுவி அந்த பேக்கப்பை ஏற்றினோம். வேலைகள், தேதிகள், யார் என்றைக்கு என்ன எழுதினார்கள் என்பது வரை எல்லாம் வந்துவிட்டது. அவர் ஒரு வேலையைத் திறந்து, அதில் இணைத்திருந்த வரைபடத்தைச் சொடுக்கினார். 404. அடுத்ததும் 404. கோப்பின் பெயர் இருக்கிறது, அளவு இருக்கிறது, ஏற்றியவர் பெயர்கூட இருக்கிறது, கோப்பைத்தான் காணோம்.

நடந்தது இதுதான். ரெட்மைன் எழுத்து விவரங்களை டேட்டாபேஸில் வைக்கும். நாம் இணைக்கும் கோப்புகளை அங்கே வைக்காது, தன் நிறுவல் இடத்தில் இருக்கும் 'ஃபைல்ஸ்' என்ற ஃபோல்டரில், வருடம் மாதம் என்று பிரித்துப் போட்டு வைக்கும். இவர்களுக்கு நிறுவிக் கொடுத்தவர் ராத்திரி டேட்டாபேஸை மட்டும் எடுத்து வைக்கும்படி ஒரு கிரான் (குறித்த நேரத்தில் தானே ஓடும் கட்டளை) போட்டிருந்தார். அது ஒருநாள் தவறாமல் ஓடியிருக்கிறது, அதனாலேயே யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

சரி, ஃபோல்டரை மட்டும் காப்பி எடுத்தால் போதுமா என்றால் அதுவும் போதாது. கோப்பின் பெயர் தமிழில் இருந்தாலோ, நடுவில் இடைவெளி இருந்தாலோ, ரெட்மைன் அதை டிஸ்க்கில் அதே பெயரில் சேமிக்காது. தேதி நேரத்தோடு 32 எழுத்து எண் கலவை ஒன்றைச் சேர்த்துப் பெயராக வைக்கும். 'இறுதி வரைபடம்' எது, பழைய பில் எது என்று ஃபோல்டரைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, அந்தக் கணக்கு டேட்டாபேஸில்தான் இருக்கிறது. ஆகவே இரண்டையும் ஒரே ராத்திரியில் எடுத்து, வேறு ஒரு இயந்திரத்துக்கு அனுப்புங்கள். டாக்கரில், அதாவது மென்பொருளை 'கன்டெய்னர்' என்ற தனிப் பெட்டிக்குள் வைத்து, ஓட்டுகிறவர்கள் இந்த ஃபோல்டரை கன்டெய்னருக்கு வெளியே வால்யூமாக (தனிச் சேமிப்பிடமாக) மாட்டியிருக்கிறீர்களா என்று இன்றைக்கே பாருங்கள். மாட்டவில்லையென்றால், புதிய பதிப்புக்காக கன்டெய்னரை நீக்கிவிட்டு மறுபடி உருவாக்கும் நாளில் பழைய இணைப்புகள் ஒன்றுகூடத் தெரியாது.

இதை இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. இதே வேலையைச் செய்யும் கட்டண மென்பொருளான ஜிராவின், சொந்த சர்வரில் நிறுவும் பதிப்புக்கான ஆதரவு 2024 பிப்ரவரியில் முடிந்த பிறகு, மாதாமாதம் ஆளுக்கு இவ்வளவு என்று கட்ட முடியாத சிறிய அலுவலகங்கள் ரெட்மைன், அதைப் போன்ற ஓபன்புராஜெக்ட் பக்கம் வருவதைப் பார்க்கிறேன். நல்ல முடிவுதான். ரெட்மைன் 2006இலிருந்து இருக்கிறது, இலவசம், பழைய சர்வரிலும் ஓடும். நிறுவுவதும் ஒரு மதிய வேலை. ஆனால் திரையில் முகப்பு வந்ததும் வேலை முடிந்தது என்று எழுந்துவிடுகிறார்கள், அங்கேதான் பயமாக இருக்கிறது.

முதல் நுழைவுக்குப் பெயரும் அட்மின், பாஸ்வேர்டும் அட்மின். நுழைந்தவுடன் மாற்றச் சொல்லும், ஆனால் முதலில் நுழைவது நீங்களாக இருக்க வேண்டுமே! சனிக்கிழமை நிறுவிவிட்டுத் திங்கட்கிழமை பார்க்கலாம் என்று இணையத்தில் திறந்து வைக்காதீர்கள். அப்புறம், புதிதாகத் தொடங்கும் புராஜெக்ட் 'பொது' என்ற அமைப்போடுதான் பிறக்கும், உள்நுழையாதவர்களும் பார்க்கலாம் என்பதும் ஆரம்ப அமைப்பு. இரண்டையும் நிர்வாகப் பக்கத்தில் மாற்றிவிட்டு, லாகின் செய்யாத வேறொரு பிரவுசரில் திறந்து பாருங்கள்.

இன்னொன்று, ஃபயர்வாலை இயக்கியாயிற்று என்று நம்பி இருப்பீர்கள். டாக்கர் வெளியே திறக்கும் போர்ட்டுக்கு யூஎஃப்டபிள்யூ (உபுண்டுவின் ஃபயர்வால்) விதிகள் பொருந்தாது, டாக்கர் தானே ஐபிடேபிள்ஸ் என்ற லினக்ஸ் விதிப்பட்டியலில் வழி போட்டுக்கொள்ளும். டாக்கர் அமைப்பில் போர்ட்டை வெறும் 3000:3000 என்று எழுதாமல், அந்த இயந்திரத்துக்குள் மட்டும் திறக்கும்படி 127.0.0.1:3000:3000 என்று எழுதி, வெளியிலிருந்து வருவதை வாங்கிக் கொடுக்க முன்னால் என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வரை வையுங்கள்.

கோவை அலுவலகத்தில் பாதி வரைபடங்கள் பழைய மின்னஞ்சல்களிலிருந்து கிடைத்தன, மீதியை அந்தப் பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமையும் உட்கார்ந்து மறுபடி வரைந்தார்கள். அதிலிருந்து எந்த சர்வரை ஒப்படைத்தாலும், முந்தின ராத்திரி பேக்கப்பை வேறொரு இயந்திரத்தில் ஏற்றி, அவர்களையே ஏதாவது ஒரு வேலையைத் திறக்கச் சொல்லி, இணைத்த கோப்பு திறக்கிறதா என்று பார்த்த பிறகுதான் கிளம்புகிறேன்.