பத்துக்குப் பத்து அறையில் காற்று

சின்ன வீட்டை வசதியாக்குவது பற்றிப் பேச்செடுத்தால் மடக்குக் கட்டில், சுவர் அலமாரி என்றுதான் போகும். அதெல்லாம் வேண்டியதுதான். ஆனால் சென்னை மாதிரி ஊரில், மொட்டை மாடிக்குக் கீழே 10-க்கு 10 அறையில் நான்கு பேர் படுக்கிறார்கள் என்றால், முதலில் கவனிக்க வேண்டியது காற்றைத்தான்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். உயரமும் 10 அடி என்றால் அந்த அறை கொள்வது சுமார் 28,000 லிட்டர் காற்று. தூங்கும் ஒருவர் மணிக்கு ஏறத்தாழ 12 லிட்டர் கரியமில வாயுவை வெளிவிடுகிறார். கதவையும் ஜன்னலையும் இறுக்கிச் சாத்தினால், வெளிக்காற்றில் பத்து லட்சத்துக்கு 420 பங்கு இருக்கிற அந்த வாயு, ஒரே மணி நேரத்தில் உள்ளே 2,000 பங்கைத் தாண்டிவிடும். விடிந்ததும் தலை பாரமாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். போதாததற்கு, ஒவ்வொரு உடம்பும் பழைய 60 வாட் குண்டு பல்பைவிடக் கொஞ்சம் கூடுதலான சூட்டை இரவெல்லாம் விட்டுக்கொண்டிருக்கிறது.

சீலிங் ஃபேன் இருக்கிறதே என்றால், அது காற்றைச் சுழற்றுமே தவிர மாற்றாது. வியர்வையைக் காயவைப்பதால் நமக்குக் குளிர்கிறது, அவ்வளவுதான். மேலே தளமோ பகலெல்லாம் வெயில் குடித்திருக்கும். கான்கிரீட் வழியாகச் சூடு இறங்கச் சில மணி நேரம் ஆகும். அதனால்தான் வெளியே கடற்காற்று வீசும் இரவு எட்டு, ஒன்பது மணிக்கும் உள்ளே அனலடிக்கிறது. மாடியில் வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தால் வெயிலில் பெரும்பகுதி ஏறாமலே திரும்பிவிடும். வாடகை வீடானாலும் உரிமையாளரிடம் கேட்டுச் செய்யத் தகுந்த வேலை.

காற்று உள்ளே வர வேண்டுமானால், இருப்பது வெளியே போக வழி வேண்டும். ஒரே ஜன்னல் மட்டும் திறந்திருந்தால் அதன் பக்கத்தில் மட்டும் லேசாக அசையும், அறை முழுக்க மாறாது. எதிரே இன்னொரு திறப்பு இருந்தால்தான் ஓட்டம். இரவில் வெளியே குளிர்ந்த பிறகு டேபிள் ஃபேனை ஜன்னலில் வெளிப்பக்கம் பார்த்து வையுங்கள், கதவைக் கொஞ்சம் திறந்து விடுங்கள். உள்ளிருக்கும் காற்றை அது வெளியே தள்ளும்போது அறையின் அழுத்தம் இம்மியளவு குறையும், அந்த இடத்தை நிரப்பக் கதவு வழியாகப் புதுக்காற்று வரும்.

சூடான காற்று மேலே ஏறும் என்பதால்தான் பழைய வீடுகளில் கூரையை ஒட்டி வெண்டிலேட்டர் வைத்தார்கள். இப்போது பரணில் அட்டைப்பெட்டிகளை அடுக்கி அதையே அடைத்துவிடுகிறோம். எனக்கு மனசு கேட்காத விஷயம் இது. சமையலும் அதே அறையில்தான் என்றால் இன்னும் மோசம்: ஒரு கிலோ சமையல் எரிவாயு எரிந்தால் ஒன்றரை லிட்டருக்கும் மேல் தண்ணீர் ஆவியாக வரும். பீரோவுக்குப் பின்னால் பூஞ்சை பூப்பது இந்த ஈரத்தாலும்தான்.

உங்கள் அறையில் காற்று ஓடுகிறதா என்று பார்க்க ஓர் ஊதுபத்தி போதும். ஃபேனை நிறுத்திவிட்டு ஜன்னலருகே பிடியுங்கள். புகை ஒரே பக்கமாகச் சாய்ந்தால் ஓட்டம் இருக்கிறது. நேராக எழும்பி அங்கேயே தயங்கினால், முதலில் பரணை ஒழியுங்கள்.